கல் இன்னும் தயாராகவில்லை

ஆயத்தப் பிராணி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். குளிக்கப் போகுமுன் வாளியைக் கழுவும், வாளியைக் கழுவுமுன் குழாயைத் தேய்க்கும், குழாயைத் தேய்க்கும்போது வாஷர் தேய்ந்திருப்பதைக் கண்டு கடைக்குக் கிளம்பும், கடைசியில் குளிக்காமலேயே வேலைக்கு ஓடும். சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதைவிடச் சுறுசுறுப்பான பிராணி பூமியில் கிடையாது.

அலுவலகத்தில் ‘முன்னேற்பாடு’ என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருவரையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் கடல்மீன் தொட்டி வைப்பதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி, அவ்வளவுதான் அவள் கேட்டது. அவர் சுமந்து வந்தது ஒரு மூட்டை காய்ந்த பவளப்பாறை.

“மீன் எங்கப்பா?”

“முதல்ல கல்லும்மா. கல்லுதான் மீனுக்கு வீடு. வீட்டைக் கழுவாம யாராவது குடிபோவாங்களா?”

நியாயந்தானே? அந்த நியாயம்தான் குடியைக் கெடுத்தது. கல்லின் பொந்து பொந்தாகப் பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தார்; அது மனைவியின் பிரஷ் என்பது பிறகு தெரியவந்தது. பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டார், வாடை போகுமட்டும் அலசினார், மொட்டைமாடியில் காயவைத்தார், மழை வந்தபோது கொடியில் கிடந்த துணியையெல்லாம் விட்டுவிட்டுக் கல்லை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். பிறகு குளியலறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டப், அதில் உப்புத் தண்ணீர், ஹீட்டர், தண்ணீரைச் சுழற்ற ஒரு மோட்டார். கல்லுக்கு வெந்நீர், கட்டியவளுக்குப் பச்சைத்தண்ணீர்.

காலையில் கண் விழித்ததும் டப்புத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

“மஞ்சளா வரணும். மஞ்சள்னா தண்ணியில விஷமில்ல, மீன் விடலாம்னு அர்த்தம். இன்னும் லேசாப் பச்சை அடிக்குது.”

“பேரன் பேத்தி எடுக்குறதுக்குள்ள மஞ்சளாயிடுமா?” என்பாள் மனைவி.

வளர்ப்புமீன் கடைக்காரர் தம் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லை எடுத்துக் கொடுத்திருந்தார். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். அந்தக் கல்லில் உள்ள நுண்ணுயிர், செத்த கல்லுக்கெல்லாம் பரவும். பரவியது. ஒருநாள் தண்ணீர் மஞ்சள் காட்டியது. கல்லின்மேல் வெல்வெட்டுப் போலப் பழுப்பு படிந்திருந்தது. அதில் மிளகளவு நத்தை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. பள்ளிச் சீருடையோடு ஈரத் தரையில் குப்புறப் படுத்திருந்த மகள் கத்தினாள்.

“அப்பா, முதல் குடித்தனக்காரர் வந்துட்டாரு!”

இத்தனை பாடும் இதற்குத்தானே, ஐயா? வெண்ணெய் திரண்டு வரும்போது சிலர் தாழியை உடைப்பார்கள். நம்மவர் தாழியைக் கழுவினார்.

சாயங்காலம் அவள் திரும்பியபோது வீடெல்லாம் பிளீச்சிங் வாடை. கல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

“குடித்தனக்காரர் எங்கப்பா?”

“ஒரே அழுக்கு படிஞ்சிருந்துதும்மா. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சா...”

அவள் டப்பை எட்டிப் பார்த்தாள். அழவில்லை.

“மீன் வந்திருந்தாலும் கழுவியிருப்பீங்க” என்றாள்.

அதன்பிறகு அவள் மீன் பேச்சையே எடுக்கவில்லை. அவருக்கு நெஞ்சு வலித்தது. அதில் பொய் சொல்லக் கூடாது. மகளிடம் மன்னிப்புக் கேட்டே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். சும்மா கேட்டால் நன்றாயிருக்குமா? எந்த வார்த்தையில் தொடங்குவது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, நின்றுகொண்டா உட்கார்ந்தா, எல்லாம் யோசிக்க வேண்டாமா? யோசனை நடக்கிறது. அவள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். யாரிடமோ ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நீங்களும் வெகுநாளாக வைத்திருக்கிறீர்களே, அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அதற்குமுன் மேசையைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிவிடலாம் என்றுதானே எழுந்தீர்கள்?

கையில் என்ன, பிரஷ்ஷா?