குனியண்ணை எறிந்த சுருள்

உலகத்தைத் தலைகீழாகப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து, குனியண்ணை ஒருவர்தான்.

பரமட்டா நகரில் நான் பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் அவர் நகல் அறைக்காரர். கதவு நிலையில் தலை இடிக்கும் அமெரிக்கர். அதற்கு முன் தன் நாட்டில் தொழில்முறைப் பந்தாட்டக்காரர். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வதைப் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். அதில் இவருக்கு ஒரே வேலை: குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்பவருக்கு எறிவது. எறிந்த கணமே எதிரணியினர் மலை மலையாக மேலே விழுவார்கள். பந்து போய்ச் சேர்ந்ததா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கூட்டம் ஆரவாரித்தால் சரி. ஒருநாள் ஆரவாரம் எழவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டம் போயிற்று, பழக்கம் போகவில்லை. வரைபடச் சுருளை அவர் யார் கையிலும் கொடுத்ததே இல்லை. நகல் அறை வாசலில் முதுகைக் காட்டிக் குனிவார். சுருள் பறந்து வரும். சேதப் பட்டியல்: மேலாளரின் தேநீர்க் கோப்பை, என் மைப்புட்டி, சுவர்க் கடிகாரம், ஒருமுறை மேலாளரே.

குனியண்ணை என்று பெயர் வைத்தவர் பக்கத்து மேசை ராசன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர்.

"உந்தாள் குனிஞ்சா நான் மேசைக்குக் கீழ போயிடுவன். நீர் ஏன் பிள்ளை சிலை மாதிரி இருக்கிறீர்?"

"வேலை இருக்கு அண்ணா."

எறியும் முன் எச்சரிக்க "பிடி, பிள்ளை!" என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. குனியண்ணைக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். நான் பிடித்ததில்லை. விழுந்தபின் போய் எடுத்துக்கொள்வேன்.

ஒருநாள் அமெரிக்காவிலிருந்து பழைய பயிற்சியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்: வந்து எறிந்து காட்டு, சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன். குனியண்ணை என் மேசைக்கு நிமிர்ந்தபடி நடந்து வந்தார். அதுவே பயமாக இருந்தது. கை இன்னும் நேராக எறிகிறதா என்று தெரியாமல் விமானம் ஏற முடியாதாம். ஒரேயொரு முறை நான் பிடிக்க வேண்டுமாம்.

"பிடியுமன் பிள்ளை. மனிசன் அழப்போறான்," என்றார் ராசன் அண்ணை, அதற்குள் மேசைக்கு அடியில் போயிருந்தார்.

நடைபாதைக் கோடியில் போய் நின்றேன். கண்ணாடியைக் கழற்றினேன், கைக்கடிகாரத்தைக் கழற்றினேன், கைகளை நீட்டினேன்.

"பிடி, பிள்ளை!"

சுருள் நேராக வந்து உள்ளங்கைகளில் அமர்ந்தது.

யாரும் அவர்மேல் விழவில்லை. குனியண்ணை குனிந்தபடியே, கால்களுக்கு நடுவிலிருந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தக்காளியாகச் சிவந்தும் நிமிர மனமில்லை.

"ரத்தமெல்லாம் தலைக்கு ஏறுது, எழும்பும் ஐசே!" என்று ராசன் அண்ணை தமிழிலேயே கத்தினார்.

அந்த வாரமே குனியண்ணை அமெரிக்காவுக்குப் போய்விட்டார். சேர்த்துக்கொண்டார்களா, தெரியவில்லை. இந்த ஊர்ப் பத்திரிகைகளில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. தேடிப் பார்க்கிறேன்.

புதிய நகல் அறைக்காரர் நல்லவர். சுருளை மேசைமேல் பதமாக வைத்துவிட்டுப் போகிறார். அதற்குள் நீண்டுவிட்ட என் கைகள்தான் ஒவ்வொரு முறையும் ஏமாந்து போகின்றன.