கடைவாய்ப் பல்லும் கம்ப்ரசரும்

கணபதி, கோவை
ஞாயிறு

அன்புள்ள தங்கை கோகிலவாணிக்கு,

அக்கா கலாமணி எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும், ஒரு பல் நீங்கலாக, நலம். காரமடையில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எல்லாப் பற்களோடும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் மாமாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் பிடுங்கியாக வேண்டியிருந்தது. லேத்தில் விரல் கிழிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர், பல் டாக்டருக்குப் பயந்து ஆறு வருடம் ஓட்டிவிட்டார். நீதான், "டாக்டர் பிரத்யுஷா நல்லாப் பேசுவாங்கக்கா, எதா இருந்தாலும் காட்டிச் சொல்லிப்போட்டுத்தான் வாயில வெப்பாங்க, பயமே தெரியாது" என்றாய். பேச்சினால் பயம் போகும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் திங்களன்று அழைத்துப்போனேன்.

டாக்டர் குறை சொல்ல முடியாதபடி பேசினார். ஊசியைக் காட்டினார், எவ்வளவு நேரம் மரத்திருக்கும் என்றார், "வலிச்சா இடது கையைத் தூக்குங்கண்ணா, அப்பவே நிறுத்திப்போடறனுங்க" என்றார். மாமா நடுங்கிக்கொண்டே தலையாட்டினார். பிறகு பல்லை அறுத்தெடுக்கிற டிரில்லைக் காட்டி, "இது நிமிசத்துக்கு மூணு லட்சம் சுத்து சுத்துமுங்க" என்றாரே, அங்கேதான் கெட்டது. நடுக்கம் சட்டென்று நின்றது. டிரில் வாய்க்குள் போன அரை நிமிடத்தில் இடது கை எழுந்தது.

"வலிக்குதுங்களாண்ணா?"

"இல்லீங்க அம்மணி. பேரிங் கத்துது. மாத்தோணுமுங்க."

மறுபடி டிரில், மறுபடி கை. "ஏனுங்க அம்மணி, கம்ப்ரசர் எங்கீங்க வெச்சிருக்கறீங்க? காத்து வுட்டு வுட்டு வருது."

மரத்த வாயோடு இறங்கிப்போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டுவிட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த மயில்சாமி என்பவர், "ஏனுங்க்கா, இது பல்லுப் புடுங்கற எடமுங்களா, பம்புசெட்டுப் பட்டறைங்களா?" என்று என்னைக் கேட்டார். கம்ப்ரசர் மறுபடி ஓடியபோது மரப்பு தெளிந்துவிட்டது. பல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து தனியாகவே கிளம்பிவிட்டார், கையில் ஸ்பேனர் பையோடு. செவ்வாய் கம்ப்ரசர் கேஸ்கட், புதன் எச்சில் உறிஞ்சும் மோட்டார், வியாழன் நாற்காலி. தினமும் பஞ்சைக் கடித்தபடி வீடு திரும்புவார்; வலிக்கு மருந்து வைத்த பஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். பல் என்ன ஆயிற்று என்றால், நாளைக்கு என்று கையாட்டுவார். வீக்கம் என்னவோ வடிந்துவிட்டது. மாத்திரை வேலை செய்கிறதாம். நானும் ஒரு வாரமாகக் கஞ்சி வடிகட்டி வடிகட்டி ஓய்ந்துவிட்டேன். பயம் போய்விட்டது கோகிலா, பல் போகவில்லை. உன் பக்கம் பேசாமல் பிடுங்குகிற டாக்டர் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகள் நோய்நொடியின்றி நூறாண்டு இருக்கட்டும், இரவில் பல் துலக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அக்கா,
கலாமணி

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன், வேறு இடம் பார்க்கப்போகிறோம் என்று முறையாகச் சொல்லிவிட டாக்டருக்குப் போன் செய்தேன். "அய்யோ அக்கா, பல்லைச் செவ்வாக்கெழமையே எடுத்துப்போட்டனுங்களே! நான் கம்ப்ரசரைப் பத்திப் பேசப் பேசக் கேட்டுட்டே படுத்திருந்தாருங்க, கையே தூக்கலீங்க. ஊட்ல சொல்லலீங்களா?" என்றார். அப்படியானால் பஞ்சு? "அது தெனமும் போறப்ப ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போறாருங்க்கா."

இன்று கஞ்சிக்குப் பதிலாக முறுக்கு வைத்திருக்கிறேன். மனிதர் பஞ்சைக் கடித்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.