மூன்றாவது சொட்டு

நான் யாரையும் கை நீட்டி அடித்ததுகூட இல்லை. ஆனால் பதினேழு உயிர்களை உயிரோடு புதைத்திருக்கிறேன். (மீன்கள்தான். பயப்படாதீர்கள்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் முருகேசன். திருநெல்வேலிக் குடும்பம், எம்.எஸ்சி. விலங்கியல், கடைசி வருடம். வயலில் அடிக்கிற பூச்சிமருந்து ஏரிக்கு வந்து மீனைக் கெடுக்கிறதே, தீவனத்தில் கிராம்புத் தைலம் கலந்து கொடுத்தால் மீன் தாக்குப்பிடிக்குமா என்பது அவனுடைய ஆராய்ச்சி. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தொட்டிகள். இரண்டிலும் துளி மருந்து கலந்த தண்ணீர், பருத்திப்பட்டு ஏரிக் கெண்டைக் குஞ்சுகள். வெறும் தீவனம் தின்றவை மூலையில் சோர்ந்து கிடந்தன. தைலத் தீவனம் தின்ற பதினெட்டும் துள்ளின. ஆறு வாரமாக அந்தத் துள்ளலைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு வாரம் எழுதினால் பட்டம்.

அப்போது பார்த்து அவன் அக்காவுக்குக் கல்யாணம்.

"ஏல, மூணே நாள்தான். ஒரு கிண்ணத் தீவனத்துக்கு ரெண்டு சொட்டு. மூணாவது சொட்டு விழுந்துச்சுன்னா வந்து உன்னைக் கொன்னுருவேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

நான் பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன். அதாவது எல்லா விஷயத்திலும் கருத்து வைத்திருந்தவன். இரண்டு சொட்டுக்கே இந்தத் துள்ளல் என்றால், அரை பாட்டில் விட்டால்? முருகேசன் திரும்பும்போது ஒவ்வொரு மீனும் பயில்வானாக நிற்கும் என்று நினைத்தேன். விட்டேன். தீவனம் கரைந்து தண்ணீரெங்கும் தைலம் மினுங்கியது. பத்தே நிமிடம். பதினெட்டும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன.

யாரும் பார்ப்பதற்குள் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டி, பதினேழையும் அடக்கம் செய்து, ஊதுபத்தியும் ஏற்றினேன். (மரியாதையில் குறை வைக்கவில்லை.) ஒன்றை மட்டும் முருகேசனிடம் காட்டுவதற்காக நல்ல தண்ணீர் வாளியில் போட்டுவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில், குஞ்சுகளைப் பிடித்துக் கொடுத்த டில்லி அண்ணன் தன் வாளியைக் கேட்டு வந்தார்.

"இன்னா நைனா, பேயறைஞ்சா மாரி கீறே?"

"மீனெல்லாம் செத்துப்போச்சுண்ணே. ஒண்ணுதான் வாளில இருக்கு."

எட்டிப் பார்த்தார். "உன் பொணம் சோக்கா நீந்திகினு கீதே!"

தைலக் கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "பல்லு வலிச்சா அத்தத்தானே தடவுறோம்? மரத்துப்பூடும்ல? மீனும் மயங்கித்தான் கீது. செவுளு ஆடுதான்னு பாக்க மாட்டியா?"

ஓடினேன். கையாலேயே தோண்டினேன். ஒவ்வொன்றாக வாளியில் விட்டேன். பதினேழில் ஒன்றுகூடச் செவுளை அசைக்கவில்லை. ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

முருகேசன் கல்யாண முறுக்கோடு வந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடிக்கட்டும் என்று நின்றேன். அவன் காலித் தொட்டியைப் பார்த்தான். முறுக்குப் பொட்டலத்தை என் கையில் வைத்து, "சாப்ட்டியால?" என்றான்.

அந்த வருடம் அவனுக்குப் போயே போயிற்று. மறு வருடம் புது மீன்களோடு முதலிலிருந்து ஆரம்பித்தான். பாவி, அன்றைக்கு நாலு அறை விட்டிருந்தால் எனக்குக் கணக்குத் தீர்ந்திருக்கும்.

இப்போதும் அவன் எங்கள் வீட்டுக்கு வரும்போது நான் மதியத் தூக்கத்தில் இருந்தால், மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு என் மகளிடம் சொல்வான்: "செவுளு ஆடுது தாயி. அவசரப்பட்டுப் புதைச்சிராத."

வீடே சிரிக்கும். நான் விழித்துத்தான் இருப்பேன். ஆனாலும் கண்ணைத் திறக்க மாட்டேன்.