உள்ளே தயிர் இருக்கிறது

அன்பும் மரியாதையும் மிக்க லோர்னா அக்காவுக்கு,

ரசீனிலிருந்து தம்பி ஆர்வில் எழுதுவது. இங்கே ஏரிக்காற்று தணிந்திருக்கிறது, என் இருமலும் தணிந்திருக்கிறது. அங்கே டுலூத்தில் உங்கள் முழங்கால் வலியும் அதே வழியைப் பின்பற்றும் என்று நம்புகிறேன்.

வரும் வியாழக்கிழமை கிரெட்சன் உங்களைத் தொலைபேசியில் அழைப்பாள். நான் இந்த வீட்டிலேயே இருக்கலாமா, முதியோர் குடியிருப்புக்குப் போக வேண்டுமா என்று கேட்பாள். "அத்தை என்ன சொல்றாங்களோ, அதுதான் முடிவு" என்று என் மகள் என் எதிரிலேயே சொல்லிவிட்டாள். ஆகவே நடந்ததை நானே முன்கூட்டிச் சொல்லிவிடுவது முறை. உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. மறைக்க முயன்ற இரண்டு தடவையும் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

என் நோரீன் காலமானதிலிருந்து மூன்று வேளையும் கார்ன்ஃப்ளேக்ஸும் பாலும்தான் சாப்பிட்டு வந்தேன். பெல்ட்டில் ஆணியால் நானே இரண்டு துளை போட்டுக்கொண்டதை கிரெட்சன் பார்த்துவிட்டாள். "அப்பா, ஒரே ஒரு சாப்பாடு. நீங்களே செஞ்சு எனக்குப் போடுங்க. ஒரு மாசம் டைம். முடியலேன்னா பேசாம அந்தக் குடியிருப்பு ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க" என்றாள். நியாயமான கோரிக்கைதான். நூலகத்துக்குப் போய் ஆரம்பநிலைச் சமையல் புத்தகம் ஒன்றை எடுத்து, அதில் மிகச் சுலபமானவை என்று போட்டிருந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தேன்: வீட்டுத் தயிர், பாஸ்தா.

தயிருக்கு உறை வேண்டுமே. பக்கத்து வீட்டு அனுஷ் பெட்ரோசியன் அம்மாளிடம் கேட்டேன். ஆர்மீனியர்கள், அவர்கள் வீட்டில் தயிர் இல்லாத நாள் கிடையாது. கிண்ணத்தில் ஒரு கரண்டி கொண்டுவந்தவர், நான் பாலில் தெர்மாமீட்டரைப் பிடித்து நிற்பதைப் பார்த்து, "என்ன ஆர்வில், பாலுக்கு ஜுரமா?" என்று கேட்டார். சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ண முடிந்தால் அதுதான் பதம் என்றார். நான் எண்ணினேன். பத்துக்கு மேலும் எண்ண முடிந்தது, முப்பதுக்கும் முடிந்தது. பால் ஆறிவிட்டதா, என் விரல் மரத்துவிட்டதா என்று தீர்மானிக்க முடியாமல் மறுபடியும் தெர்மாமீட்டரை எடுத்தேன். முதல் தடவை தயிர் உறையவில்லை. அரைமணிக்கு ஒருதரம் பாட்டிலைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன் என்று சொன்னதும் அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தூங்குற குழந்தையை எழுப்பி, தூக்கம் வந்துச்சான்னு கேப்பீங்களா? ஓவனுக்குள்ள வைங்க. சூடு போடாதீங்க, விளக்கை மட்டும் போடுங்க. அப்புறம் அந்தப் பக்கமே போகாதீங்க" என்றார். அப்படியே செய்தேன். எட்டு மணி நேரத்தில் கட்டியாக உறைந்திருந்தது, அக்கா. நான் செய்தது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பாஸ்தாவில் வேறு மாதிரிக் குழப்பம். தண்ணீர் கடல்நீர் அளவுக்கு உப்புக் கரிக்க வேண்டும் என்கிறது புத்தகம். நாமோ மிச்சிகன் ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள். கடலை நான் ஒரேயொரு முறை பார்த்திருக்கிறேன், வாயில் விட்டுப் பார்க்கவில்லை. பொட்டலத்தில் ஒன்பது முதல் பதினோரு நிமிடம் என்று இருந்தது. இதில் எது என்று இரண்டு நாள் யோசித்து, பத்து என்று முடிவு செய்தேன்.

சோதனை நாள், ஞாயிற்றுக்கிழமை. பகல் ஒரு மணிக்கு கிரெட்சன் வருவதாக ஏற்பாடு. காலை ஏழு மணிக்கே இரண்டு பாட்டில் தயிரை நோரீனின் பூப்போட்ட குளியல் துண்டில் சுற்றி ஓவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டேன். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பன்னிரண்டரைக்கு மக்ரோனியை வேகவைத்து, தக்காளிச் சாறு ஊற்றித் தட்டில் பரப்பி, புத்தகத்தில் சொன்னபடி ஓவனை முந்நூற்று எழுபத்தைந்து டிகிரிக்குத் திருப்பிவிட்டு, அது சூடாகும்வரை மேஜை துடைக்கப் போனேன். புகை மணி அலறியபோது கிரெட்சன் வாசலில் நின்றிருந்தாள். என்னைத் தாண்டிப் போய் ஓவனைத் திறந்தாள். "அப்பா, துண்டையா பேக் பண்றீங்க?" என்றாள்.

மணிச் சத்தம் கேட்டு பெட்ரோசியன் அம்மாளும் வந்துவிட்டார். பாட்டிலைத் திறந்து பார்த்து, "திரிஞ்சிருக்கு, கெட்டுப்போகல" என்றார். துணியில் வடிகட்டி, உப்பும் நசுக்கிய பூண்டும் சேர்த்து அந்த மக்ரோனிமேல் உதிர்க்கச் சொன்னார். உதிர்த்தது என் கைதான், இது முக்கியம். கிரெட்சன் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். கடைசியில் முட்கரண்டியை வைத்துவிட்டு, "சாப்பாட்டுல குறையே இல்லப்பா. ஆனா வீடு எரிஞ்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் கருகிய துண்டை மடித்து வைத்தேன். பெட்ரோசியன் அம்மாள்தான், "எங்க வீட்டுல ஓவன் கதவுல ஒரு தாள் ஒட்டிடுவோம். இந்த மனுஷன் எழுதி வெச்சதை மீற மாட்டார்" என்றார்.

அன்றே 'உள்ளே தயிர் இருக்கிறது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பதினைந்து நாளாக ஏழு தடவை தயிர் உறைய வைத்தாயிற்று. ஒரு துண்டுகூடக் கருகவில்லை. இன்று காலையும் இரண்டு பாட்டில் உள்ளே இருக்கிறது. பெல்ட்டை ஒரு துளை தளர்த்திப் போடுகிறேன். நான் என்னைப் பற்றி உறுதியாக எதையும் சொல்கிறவன் அல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த ஏற்பாடு தவற வழியே இல்லை என்று துணிந்து எழுதுகிறேன். வியாழக்கிழமை கிரெட்சனிடம் இதைச் சொல்லுங்கள். அந்தக் குடியிருப்பின் அறைகளில் ஓவன் கிடையாதாம்.

உங்கள் முழங்காலுக்கும் உங்கள் பூனைக்கும் என் அன்பு. கடவுள் உங்களை நல்ல உடம்போடும், தம்பி மீது இதே பொறுமையோடும் வைத்திருக்கட்டும்.

பணிவுள்ள தம்பி,
ஆர்வில்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகும்போது, மக்ரோனி செய்முறையை நீங்கள் கேட்பீர்கள் என்று தோன்றியது. கடிதத்தாள் தீர்ந்துவிட்டது. சமையலறையில் கைக்கு எட்டிய தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஓரத்தில் பசை ஒட்டினால் மன்னிக்கவும். எதுவும் விட்டுப்போகாதிருக்க, செய்துகொண்டே எழுதுகிறேன். முதலில் ஓவனை முந்நூற்று எழுபத்தைந்தில் வைக்க வேண்டும். வைத்துவிட்டேன். அடுத்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கடல் அளவு உப்பு. மக்ரோனியைப் போட்டுப் பத்து நிமிடம். இதற்குள் பூண்டை நசுக்கலாம். ஏதோ துணி வாசனை வருகிறது.

அக்கா, இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். நானும் இப்போதுதான் திருப்பினேன்.