தபாலக்கா போட்ட ஆர்டர்

எண்பது வயதில் தன்னைப் பார்த்துக்கொள்ள நாற்பத்தெட்டு வயதிலேயே ஆள் எடுத்தவர், ஆரணியில் எனக்குத் தெரிந்து எங்கள் தெருத் தபாலக்கா ஒருவர்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவர். "கடைசி வரைக்கும் என் வூட்லதான் சார் இருப்பேன். அதுக்கு இப்பவே ஏற்பாடு பண்ண வேணாமா?" என்பார்.

முதலில் வீட்டைத் திருத்தினார். கூடத்திலிருந்த பழைய தறிக்குழியில் வயதான காலத்தில் கால் இடறும் என்று மண் கொட்டி மூடினார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தார். அது தாங்குமா என்று பார்க்க, தெருவிலேயே கனமான ஆளான எதிர்வீட்டு நெசவாளரைத் தொங்கச் சொன்னார். கம்பி கழன்று வரவில்லை. சுவர்தான் பெயர்ந்து வந்தது.

பிறகு ஆள் தேர்வு. தபால் கொடுக்கும்போதே இன்டர்வியூவும் நடக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நெசவாளர், ரசம் வைத்துத்தர அவர் மனைவி என்று முடிவானது.

"அக்கா, அப்போ எனக்கே எழுபத்தெட்டு ஆவுமே" என்றார் நெசவாளர்.

"அதுக்குத்தான் உன்னைப் பத்திரமா வெச்சிகினு இருக்கேன். மொதல்ல பீடியை வுடு."

விட்டுவிட்டார்! அவர் மனைவி பல வருஷமாகக் கெஞ்சியும் நடக்காத காரியம்.

எனக்கு பல்பு மாற்றும் வேலை. ஏணியில் ஏற்றிப் பார்த்தார். மூன்றாவது படியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னா சார், இப்பவே நடுங்கிகினு இருக்கீங்க? எறங்குங்க" என்று நிராகரித்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் அக்கா சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. வந்தவாசியிலிருந்து தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "வூட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுக்கா. தனியா ஏன் பேஜார் படற?"

அக்கா முகம் சுருங்கிப்போனது. ஒரு முறை போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது நெசவாளர் வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியோடு நுழைந்தார். பின்னாலேயே மனைவி, ரசத்தோடு.

"எண்பதுக்குத்தான் ஆர்டர் போட்டீங்க. முப்பது வருஷம் முன்னாடியே ஜாயின் பண்ணிக்கலாமாக்கா?" என்றார் நெசவாளர்.

தம்பி இரண்டு நாள் தங்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் தனியாகத்தான் வந்தவாசி திரும்பினார்.

எந்தப் பதவியும் இல்லாமல் வாசலில் நின்ற என்னை அக்கா கூப்பிட்டார். "தெனம் காலைல வந்து, கதவு தெறந்திருக்கான்னு மட்டும் பாருங்க சார். போதும்."

கால் சரியாகி, அக்கா மறுபடியும் சைக்கிளில் போகிறார். நான் இன்னும் தினமும் போய்ப் பார்க்கிறேன். கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமானால், எனக்குக் காப்பி இறங்குவதில்லை.