ரகசியம் பேசத் தெரியாத மூணுதரம் அக்கா

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் மூணுதரம் அக்காவைப் போல ரகசியம் பேசத் தெரியாத மனுஷியைப் பார்க்க முடியாது. கற்பூரம் அணைத்துச் சொல்லத் தயார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் அவர். விசைப்படகு எஞ்சின், ஐஸ் உடைக்கிற சத்தம், வியாபாரிகளின் கூச்சல் எல்லாவற்றையும் தாண்டி "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டில் உப்பு கேட்டாலும் மூன்று தடவை கேட்பார். தெருமுனை வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுப்பாள்.

திருவொற்றியூரில் நான் வாழப்போன தெருவில் அவர் எதிர்வீடு. எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. தண்ணி லாரிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போனால்கூட, "இன்னாமே, விசேஷம் எதுனா கீதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன். பதில் எதிர்வீட்டிலிருந்து வரும்.

"நீ ஒண்ணோட நிறுத்திக்கின. ஒன் நாத்தனா அதுவும் வாணான்னுட்டா. தெருவுல புள்ளைங்கள விட பைக்கு ஜாஸ்தியா கீது. இவ ஒருத்தி பெத்துதான் தெரு ரொம்பணுமா?"

கேட்டவள் குடம் நிரம்புவதற்குள் நகர்ந்துவிடுவாள்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் குறை என்று ஒன்று இருந்தால் அது மருமகளிடம்தான் இருக்கும் என்பது அவர் முடிவு. கோயில் கோயிலாகத் தொட்டில் கட்டினேன். ஸ்கேன் எடுத்தேன். யார் யாரோ கொடுத்த லேகியத்தையெல்லாம் தின்றேன். எனக்கு ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகும், ஆடி கழிந்ததும் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாகப் பேச்சு கிளம்பியது. படகு எஞ்சின் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மூணுதரம் அக்கா மீன் கூடையோடு உள்ளே வந்தார்.

"யக்கா, ஒம்புள்ள டெஸ்ட்டு எடுத்தானா?"

"ஆம்பளைக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு?" என்றார் மாமியார்.

அக்கா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "டேய் மெக்கானிக்கு, படகு ஓடலன்னா பாதி எஞ்சினப் பிரிச்சிப் பாத்துட்டு, மீதி நல்லாத்தான் கீதுன்னு மூடிட்டு வந்துருவியா?"

அவர் ஸ்பேனரை இன்னும் அழுத்தித் துடைத்தார். அக்கா வாசலுக்குப் போய் நின்று ஏலத்தை ஆரம்பித்தார். "கொறை இவகிட்டதான்னு சொல்றவன் வந்து சொல்லு. ஒரு தரம்." நாலு ஜன்னல் திறந்தது. "ரெண்டு தரம்." மொட்டைமாடியில் துணி காயவைத்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வரேன்க்கா, கத்தாத," என்றார் என் வீட்டுக்காரர். யாருக்கும் தெரியக்கூடாது என்பது மட்டும் அவர் நிபந்தனை. அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்க ராயபுரத்தில் ஒரு லேபுக்குப் போனோம். அக்கா கவுன்டரில் குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தன்னால் முடிந்த ரகசியத்தில் சொன்னார். "எந்தம்பிக்கு விந்து டெஸ்ட்டு எடுக்கணும். விந்து டெஸ்ட்டு. விந்து டெஸ்ட்டு."

மாடியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட இறங்கி வந்தார்கள். என் வீட்டுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மூலையில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்ல எழுந்து நழுவப் பார்த்தார்.

"டேய், நம்ம தெரு சேகரு தான நீ? நீயும் அதுக்குத்தான் வந்துகினியா? எங்க ஓடுற? குந்து."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "ஆமாக்கா" என்று வந்தது. அதைக் கேட்டுப் பேப்பரால் முகத்தை மறைத்திருந்த பின்தெரு ஆள் பேப்பரை மடித்து வைத்தார். மூன்று ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். டெஸ்ட் முடிந்து மூவரும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள்.

குறை என் வீட்டுக்காரரிடம்தான் என்று ரிசல்ட் வந்தது. ஏதோ நரம்பு வீக்கமாம். சின்ன ஆபரேஷன் செய்தார்கள். மாவாப் பாக்கு போடுவதை விடச் சொன்னார் டாக்டர், விட்டார். ரிசல்ட் தெரிந்த அன்றே மாமியார் குழம்பில் வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். பெண் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது.

"எனக்காக ஏன்க்கா இவ்ளோ சண்ட போட்ட?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புள்ள இல்லன்னு என்ன அனுப்பிட்டு என் வூட்டுக்காரரு வேற ஒருத்தியக் கட்டிக்கினாரு. அவளுக்கும் புள்ள இல்ல. அந்தாள ஒரு டெஸ்ட்டு எடுன்னு யாரும் சொல்லல. எனக்கும் அப்ப கேக்க வாய் இல்ல."

இதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. "பாப்பா ரொம்ப சத்தமா பேசுறா, வீட்ல சொல்லி வைங்க," என்கிறார் டீச்சர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். குரலைக் குறைத்துப் பேசு என்று அவளிடம் இதுவரை நான் சொன்னதில்லை.