சம்பந்தி வீட்டு நாய்க்கு உப்பில்லாத சோறு

பரவை,
மதுரை.

கர்த்தருக்குள் அன்பும் மதிப்பும் மிகுந்த சம்பந்தியம்மா எஸ்தர் அவர்களுக்கு, ராயப்பன் தோத்திரம் கூறி எழுதுவது. (எங்கள் கோயிலில் ஆண்டவர் என்போம். கடிதத்தைப் படிக்கப்போவது தாங்கள் என்பதால் உங்கள் வழக்கப்படியே தொடங்கியிருக்கிறேன்.) இங்கு நானும் சகாயமேரியும் நலம். கோயம்புத்தூரில் தாங்களும், தங்கள் இளைய மகளும், புதிதாக வந்திருக்கும் பேத்தியும் நலம் என்று நம்புகிறேன். குழந்தைக்கு மூக்கு உங்களைப் போலவே என்று ஆன்சி சொன்னாள். மிக்க மகிழ்ச்சி.

நிற்க. எங்கள் ஆன்சி மாமியாரிடம் எதையும் மறைக்கமாட்டாள். அந்த நல்ல குணத்தால்தான், பிரசவம் பார்க்கப் போகும்போது எங்களிடம் தாங்கள் விட்டுப்போன டியூக்குக்கு வயிற்றுப்போக்கு என்ற விஷயம் தங்கள் காதுக்கு வந்துவிட்டது. நேற்று ஃபோனில், “நடந்ததை எழுத்து மூலம் தெரிவிக்கவும். ஞாயிற்றுக்கிழமை என் தம்பி திண்டுக்கல்லிலிருந்து காரில் வந்து நாயை அழைத்துப்போவான்” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். தாங்கள் தலைமை ஆசிரியையாக இருந்தவர்கள். நானும் மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து பலருடைய விளக்கக் கடிதங்களை ஃபைலில் கோத்தவன்தான். என் கையாலேயே ஒன்று எழுத வேண்டிவரும் என்று நினைக்கவில்லை. படித்து முடித்ததும் தம்பியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்பதே என் விண்ணப்பம். ஒப்படைத்த நாயைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று பெயர் வந்தால், பெண்ணைக் கொடுத்த வீட்டில் நான் எப்படித் தலைகாட்டுவேன்? அதுவும் போக, டியூக்கை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. காலையில் அது கூட வராமல் கண்மாய்க்கரைப் பக்கம் நடக்கவே தோன்றுவதில்லை.

டியூக்கை விட்டுப்போகும்போது தீனி மூட்டையையும் அளக்கிற குவளையையும் கொடுத்து, “இதைத் தவிர வேறெதுவும் கூடாது” என்று தாங்கள் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. சகாயமேரிக்கும் விழுந்தது. ஆனால் வேண்டாம் என்பது விருந்தாளியின் மரியாதை, வைப்பது வீட்டுக்காரியின் மரியாதை என்பது அவள் கட்சி. சம்பந்தி வீட்டார் போதும் போதும் என்று கையை மறித்த பிறகு இன்னொரு கரண்டி வைத்தால்தான் அது விருந்து என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“சம்பந்தி வீட்டுல இருந்து வந்த உசுருக்கு இந்தக் காஞ்ச உருண்டையவா போடுறது? அவுக என்ன நெனைப்பாக?”

“நாய் என்ன நெனைக்கும்?” என்றேன்.

“நாயின்னு சொல்லாதீக. டியூக்குன்னு பேரு இருக்குல்ல? வாங்க டியூக், உக்காருங்க.”

அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு வாங்க, போங்கதான். தாங்கள் ‘சிட்’ என்று சொல்லிப் பழக்கியிருந்ததால் ‘உக்காருங்க’ என்பது அதற்குப் புரியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டது. தவக்காலம் தொடங்கிவிட்டபடியால் நாங்கள் இருவரும் கறி தொடுவதில்லை. டியூக்குக்கு மட்டும் கறிக்குழம்பில் ஊறிய இட்லி, நெய் விட்ட முட்டைத் தோசை, ஞாயிறென்றால் ஈரல் வறுவல். “இது தவக்காலமாச்சே” என்று கேட்டதற்கு, “அவுக சி.எஸ்.ஐ. நம்ம ஒறுத்தல் அவுகளுக்கு எதுக்கு?” என்றாள். உங்கள் சபையிலும் லெந்து நாட்கள் உண்டு என்று நான் எடுத்துச் சொன்னேன் என்பதைத் தயவுசெய்து என் பக்கத்தில் குறித்துக்கொள்ளவும்.

இதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்போம். பக்கத்து வீட்டு விருமாண்டியும் அவர் மனைவி சின்னத்தாயும் உசிலம்பட்டிப் பக்கம். ஆன்சி கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி நின்று பரிமாறியவர்கள், நினைவிருக்கும். விருமாண்டி சுவர் மேலாக எட்டிப் பார்த்து, “அண்ணே, உங்களுக்குச் சம்பந்தின்னா எனக்கும் மொறைதான? ஒரு வேளை எங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிடட்டும்” என்றார். எலும்புக் குழம்பு வந்தது. மறுக்க முடியுமா? மறுத்தால் அவருக்கு வருத்தம். நாங்கள் சாப்பிட்டால் ஆண்டவருக்கு வருத்தம். டியூக் சாப்பிட்டால் யாருக்கும் வருத்தமில்லை என்று நினைத்தோம். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள், ‘நாங்கள் மட்டும் என்ன குறைந்துபோனோம்’ என்று பருப்புப் பாயசம் அனுப்பினார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். முற்றம், படிக்கட்டு, வண்டி நிறுத்துமிடம், என் செருப்பு.

கழுவுவதில் எனக்குச் சங்கடமில்லை. ஆனால் அதற்கப்புறம் டியூக் எதையும் தொடாமல், தண்ணீரும் குடிக்காமல், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் வாலை மட்டும் மெல்லத் தரையில் தட்டியது. உள்ளபடி சொல்கிறேன், பயந்துபோனேன். சகாயமேரி அடுப்பை அணைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினாள். நான் ஆட்டோ கூப்பிடப் போனேன்.

கால்நடை மருத்துவர் ஜெயக்கொடி அம்மா நல்லவர். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, “என்ன சாப்பிட்டான்?” என்று கேட்டார். “சாப்பிட்டாக” என்று திருத்திவிட்டு, சகாயமேரி எல்லாவற்றையும் வரிசையாக, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“நாய்க்கு எதுக்கும்மா இம்புட்டு?”

“சம்பந்தி வீட்டு நாய் டாக்டர்.”

“ஓ” என்றார். அவரும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் போலிருக்கிறது. அதற்குமேல் திட்டவில்லை.

அவர் சொன்ன பத்தியம் இது. முதலில் வயிற்றுக்குக் கொஞ்சம் ஓய்வு. பிறகு குழைய வேகவைத்த சோற்றில், தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழிக்கறியைப் பிய்த்துப் போட்டு, சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும். உப்பு, எண்ணெய், வெங்காயம், மசாலா எதுவும் ஆகாது. வயிறு பிடித்ததும் அவித்த பரங்கிக்காயை மசித்து ஒரு கரண்டி. அப்புறம் பழைய தீனியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து மாற்றிக்கொண்டு வரவேண்டும். ஒரேயடியாக மாற்றினால் மறுபடியும் வண்டி நிறுத்துமிடம்தான்.

கோழியும் பரங்கிக்காயும் சிரமமாக இல்லை. பரவை மார்க்கெட்டில் கிடைக்காத காயா? உப்பில்தான் வீடு இரண்டுபட்டது. “உப்பில்லாத சோத்தப் போட்டேன்னு நாளைக்கு நாலு பேரு முன்னால சம்பந்தியம்மா கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல?” என்று சகாயமேரி கண்ணைக் கசக்கினாள். கடைசியில் உப்பில்லாத குறை தெரியாமல் இருக்க வாழையிலை போட்டு வைத்தாள். விருந்தாளியைத் தனியாக உண்ணவிடக் கூடாது என்று, அதே குழைந்த சோற்றைக் கோழி இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். எனக்கு இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. டியூக் முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் ஒரு கவளம் விழுங்கிக் காட்டிய பிறகு அதுவும் சாப்பிட்டது. அப்போது சகாயமேரி அழுதது வேறு மாதிரி அழுகை.

கேட்டில் ‘டியூக் பத்தியத்தில் இருக்கிறார். எதுவும் கொடுக்க வேண்டாம்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். விருமாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் மனிதர் கட்டுப்பட்டார். இப்போது தாங்கள் கொடுத்த தீனிதான் முழுக்க முழுக்க, தங்கள் குவளையால் அளந்து. இன்று காலை போனது ஒழுங்காக, கெட்டியாக இருந்தது. சகாயமேரி வானத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். நான் ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். தாங்கள் கேட்டால் மட்டும் அனுப்புவேன்.

ஆகவே, டியூக் பூரண குணம். தெரு முழுக்கத் திருந்திவிட்டது. இனி இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று உறுதி கூறுகிறேன். தம்பியை அலைக்கழிக்காமல், பேத்திக்குத் தலை நிற்கும்வரை தாங்கள் நிம்மதியாக அங்கே இருக்கலாம். குழந்தைக்கும் தாய்க்கும் எங்கள் ஆசீர். தங்களுக்கு எங்கள் இருவரின் வணக்கம். கடிதத்தை ஃபோட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ச. ராயப்பன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது சின்னத்தாய் ஒரு பெரிய தூக்குவாளியோடு வந்தார். டியூக் படுத்துக் கிடந்த அன்று, குணமானால் கிடா வெட்டுவதாக யாரிடமும் சொல்லாமல் தன் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாராம். இன்று ஊரில் வெட்டியாயிற்று. “யாருக்காக நேந்தமோ அவுகதாண்ணே மொதல்ல கை நனைக்கணும். இல்லாட்டி சாமி குத்தமாயிரும்” என்கிறார். சகாயமேரி, “உப்புப் போட்டிருக்கில்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு இலை நறுக்கப் போய்விட்டாள். நான் டியூக்கை இழுத்துக்கொண்டு மாடியறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். வாசனை மேலே வந்துவிட்டது. டியூக் கதவைப் பிராண்டுகிறது. தம்பியை ஞாயிறு வரை காத்திருக்க வைக்காமல் இப்போதே புறப்படச் சொல்லவும். வாசலில் ஹாரன் அடித்தால் போதும், நானே கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன். எக்காரணம் கொண்டும் அவர் காரை விட்டு இறங்க வேண்டாம். அவரும் சம்பந்தி வீட்டு ஆள்தான்.